சுடுதண்ணி ராடு: ஒரே வாளியில் இரண்டு ஆபத்து

மார்கழி பிறந்தாச்சு. கோலியனூர் பக்கம் காலையில் பனி இறங்க ஆரம்பிச்சாச்சு. இனி தை முடிகிற வரைக்கும் வீட்டுக்கு வீடு ஒரு பிளாஸ்டிக் வாளி, அதன் விளிம்பில் தொங்கும் ஒரு ராடு.

வருஷா வருஷம் இந்த இரண்டு மாதத்தில் என் கிளினிக்குக்கு வருகிற சில கேஸ்கள் அந்த வாளியில் இருந்துதான் வருகின்றன. அதனால் இந்த நீண்ட இழை. கொஞ்சம் பொறுமையா படிங்க. வீட்டில் காலையில் யார் தண்ணி சுட வைக்கிறாங்களோ அவங்களுக்குப் படிச்சும் காட்டுங்க.

இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். யார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலாமவர் முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். ராடு ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடாகிவிட்டதா என்று பார்க்க வாளிக்குள் விரலை விட்டிருக்கிறார். ஈரத் தரை, வெறுங்கால். ஆட்டோவில் கொண்டு வந்தபோது அரை மணி நேரம் போயிருந்தது. இடையில் கை, காலைத் தேய்த்திருக்கிறார்கள், வாயில் தண்ணீர் ஊற்றப் பார்த்திருக்கிறார்கள். நெஞ்சை யாரும் அழுத்தவில்லை. நான் பார்க்கும்போது உயிர் இல்லை.

அவருடைய கணவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "சார், வீட்ல பிரேக்கர் புதுசா மாட்டியிருக்கோம். அது ஏன் சார் விழல?"

இரண்டாவது, இரண்டு வயசுக் குழந்தை. அம்மா அடுப்பில் தண்ணியைக் கொதிக்க வைத்து, பாத்ரூம் வாசலில் வாளியில் ஊற்றிவிட்டு, விளாவுவதற்குப் பச்சைத் தண்ணி எடுக்கத் திரும்பியிருக்கிறார். பிள்ளை வாளி விளிம்பைப் பிடித்து இழுத்துவிட்டது. நெஞ்சு, வயிறு, தொடை எல்லாம் வெந்துவிட்டன. என்னிடம் வரும்போது அதன் மேல் பற்பசையும் நீல இங்கும் பூசியிருந்தது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டது. தழும்பு போகாது.

அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னது: "கேஸ் மிச்சமாவுமேன்னு கொஞ்சமா கொதிக்க வச்சி விளாவுவேன் சார். தெனமும் அப்டிதான்."

அந்தக் கணவரின் கேள்விக்கும் இந்த அம்மாவின் கணக்குக்கும் பதில் சொல்வதுதான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கு.

ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோ ஜூல் வேணும். கேஸ், கரண்ட், விறகு என்று எதில் வைத்தாலும் தண்ணி கேட்பது இதைத்தான்.

குளிக்க நமக்கு வேண்டியது சுமார் 40 டிகிரி. உடம்புச் சூடே 37. அதைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் இதமாக இருக்கும். தொட்டித் தண்ணி 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

வழி ஒன்று: 15 லிட்டரையும் 25இல் இருந்து 40க்குக் கொண்டுபோவது. 15 லிட்டர், 15 டிகிரி. பெருக்கினால் 225.

வழி இரண்டு: 5 லிட்டரை மட்டும் 70 டிகிரிக்குச் சுட வைத்து, 10 லிட்டர் பச்சைத் தண்ணியில் விளாவுவது. 5 லிட்டர், 45 டிகிரி. பெருக்கினால் அதே 225. விளாவிய பிறகு வாளியில் இருப்பதும் அதே 15 லிட்டர், அதே 40 டிகிரி.

ஒரு பைசா மிச்சம் இல்லை. சொல்லப்போனால் இரண்டாவது வழியில் கொஞ்சம் நஷ்டம்தான். தண்ணி எவ்வளவு சூடோ, அவ்வளவு வேகமாக ஆவியாகவும் பாத்திரத்தின் பக்கங்கள் வழியாகவும் சூடு வெளியே போகும்.

ஆனால் ஆபத்தில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

1947இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், எவ்வளவு சூடு எவ்வளவு நேரம் பட்டால் தோல் வேகும் என்று அளந்தார்கள். இன்றைக்கும் தீக்காய மருத்துவத்துக்கு அடிப்படை அந்த ஆய்வுதான். 50 டிகிரியில் பெரியவர் தோல் ஆழமாக வெந்துபோக ஐந்து நிமிஷம் போல ஆகும். 60 டிகிரியில் ஐந்து விநாடி. 70 டிகிரியில் ஒரு விநாடி போதும். குழந்தைகள், வயசானவர்கள் தோல் மெல்லிசு. அவர்களுக்கு இதைவிடச் சீக்கிரம்.

40 டிகிரி தண்ணி மேலே கொட்டினால் பிள்ளை நனையும், அழும், அவ்வளவுதான். 70 டிகிரி தண்ணி கொட்டினால் நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும்.

ஆக, முழு வாளியையும் குளிக்கிற சூட்டுக்கு மட்டும் ஏற்றுங்கள். செலவும் கூடாது, ஆபத்தும் இல்லை.

என் அக்கா பையன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அங்கே வீட்டு உபயோகத்துக்குப் பியர் காய்ச்ச அனுமதி உண்டு. (நம்ம ஊரில் மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். யாரும் ஆரம்பிச்சிடாதீங்க.) முளைகட்டிய பார்லியைத் தண்ணியில் ஊறப்போடும்போது கலவை 65, 67 டிகிரிக்குள் நிற்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் சரிப்படாது. அதனால் பார்லி எவ்வளவு, அதன் சூடு என்ன, தண்ணி எத்தனை டிகிரியில் ஊற்றணும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிட்டுத்தான் ஹீட்டரைப் போடுகிறான். பக்கத்தில் தெர்மாமீட்டர். கசிவைப் பிடிக்கும் பிரேக்கர் இல்லாத பிளக்கில் செருகவே மாட்டேன் என்கிறான்.

பியருக்கு இருக்கிற அக்கறை பிள்ளை குளிக்கிற தண்ணிக்கு இருக்கக் கூடாதா?

சரி, நம்ம ராடில் தெர்மாமீட்டரும் கிடையாது, தானாக நிற்கவும் தெரியாது. எப்படி 40இல் நிறுத்துவது? நேரம் பார்த்துத்தான். போனில் அலாரம் வையுங்கள்.

1000 வாட் ராடு: 15 லிட்டருக்கு 16 நிமிஷம், 20 லிட்டருக்கு 21 நிமிஷம்.
1500 வாட் ராடு: 15 லிட்டருக்கு 10 முதல் 11 நிமிஷம், 20 லிட்டருக்கு 14 நிமிஷம்.
2000 வாட் ராடு: 15 லிட்டருக்கு 8 நிமிஷம்.

எத்தனை வாட் என்று ராடின் கைப்பிடியிலோ அட்டைப்பெட்டியிலோ போட்டிருக்கும். இது 25 டிகிரியில் ஆரம்பிக்கும் தண்ணிக்கான கணக்கு. ரொம்பக் குளிராக இருந்தால் ஒன்றிரண்டு நிமிஷம் கூட்டிக்கொள்ளலாம்.

மறந்துபோய் 1500 வாட் ராடை 25 நிமிஷம் விட்டால் அந்த 15 லிட்டர் 60 டிகிரி தாண்டிவிடும். ஐந்து விநாடி கணக்கு ஞாபகம் இருக்கா?

கரண்ட் பில்லும் பாருங்க. சரியா நிறுத்தினால் ஒரு வாளிக்குக் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். நாலு பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு யூனிட் போல, இரண்டு மாதத்துக்கு 63 யூனிட். ஒவ்வொரு வாளியையும் 25 நிமிஷம் விட்டால் அதே இரண்டு மாதத்துக்கு 150 யூனிட். இலவசமாக 100 யூனிட் கிடைத்தாலும் தண்ணி சுட வைக்கவே போதாது.

கேஸ் அடுப்பில் வைத்தால் ஒரு வாளிக்கு சுமார் 35 கிராம் கேஸ் போகும். மூடி போட்டு வையுங்கள். அங்கே முக்கால்வாசி ஆபத்து அடுப்பில் இல்லை, அடுப்பில் இருந்து பாத்ரூம் வரை தூக்கிக்கொண்டு நடப்பதில்தான். அதற்கும் அதே வைத்தியம்: கொதிக்க விடாதீர்கள். பெரிய பாத்திரத்தில் வெதுவெதுப்பாக எடுத்து இரண்டு நடையாகக் கொண்டுபோங்கள்.

விறகடுப்பு? எங்க ஆயா தோட்டத்தில் அண்டா வைத்து, சவுக்குச் சுள்ளியும் மல்லாட்டைத் தோலும் போட்டு எரிப்பார். திறந்த அடுப்பில் பத்தில் ஒரு பங்கு சூடுதான் தண்ணிக்குப் போகும். மீதி காற்றுக்கும் ஆயாவின் நெஞ்சுக்கும். ஒரு வாளிக்கு அரைக் கிலோவுக்கு மேல் விறகு.

ஆனால் ஆயாவிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணி, அதன் மேல்தான் சுடுதண்ணி. ஒருநாளும் மாற்றி ஊற்ற மாட்டார். எந்த நேரத்தில் பிள்ளை கையை விட்டாலும் வாளியில் இருப்பது கொதிக்கிற தண்ணியாக இருக்காது. வேறு வழியே இல்லாமல் விளாவித்தான் ஆகவேண்டும் என்றால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இப்போ அந்தக் கணவரின் கேள்வி. பிரேக்கர் ஏன் விழவில்லை?

ராடுக்குள் இருப்பது ஒரு சுருள் கம்பி. அதில்தான் கரண்ட் ஓடுகிறது. அதைச் சுற்றி மின்சாரம் கடத்தாத ஒரு வெள்ளைப் பொடி. அதற்கு வெளியே நாம் பார்க்கும் உலோகக் குழாய். குழாய் நன்றாக இருக்கும்வரை கரண்ட் வெளியே வராது. அதில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் தண்ணி உள்ளே போகும், பொடி நனையும், வாளித் தண்ணி மொத்தமும் கரண்ட்.

விரிசல் ஏன் விழுகிறது? நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு. ராடின் மேல் வெள்ளையாகக் காறை படியும். காறை படிந்தால் சூடு தண்ணிக்குப் போகாமல் குழாயிலேயே தங்கும். குழாய் அளவுக்கு மீறிச் சூடாகி வெடிக்கும். தண்ணி இல்லாமல் சுவிட்சைப் போட்டாலும் இதே கதிதான். காறையை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுருள் பாகத்தை மட்டும் கெட்டிப் புளித்தண்ணியில் ஊறவைத்து மெதுவாகத் தேய்த்து எடுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள். குழாயில் கறுப்புத் திட்டு, உப்பல், வெடிப்பு எது தெரிந்தாலும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள். ரிப்பேர் வேண்டாம்.

இப்போ உடம்பு. ஈரமாக இருக்கும்போது நம் உடம்பின் மின்தடை சுமார் 1000 ஓம்தான். 230 வோல்ட்டை 1000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர்.

10, 15 மில்லி ஆம்பியரிலேயே கைத்தசை இறுகிவிடும். விடணும்னு நினைச்சாலும் விட முடியாது. "கரண்ட் இழுத்துக்கிச்சு"ன்னு சொல்றோமே, அது இதுதான். 30ஐத் தாண்டினால் மூச்சுத்தசை இறுகும். 50இல் இருந்து 100க்குள் இதயம் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்க ஆரம்பிக்கும். நடுங்குகிற இதயம் ரத்தத்தைத் தள்ளாது.

வீட்டில் இருக்கும் சாதா பிரேக்கர், அதாவது எம்.சி.பி., 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். உங்களைக் கொல்ல 0.1 ஆம்பியர் போதும். எம்.சி.பி. கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அது வயரைக் காப்பாற்றச் செய்த கருவி. ஆளைக் காப்பாற்ற அல்ல.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. உள்ளே போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், யாரோ ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது என்று அர்த்தம். கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். வாங்கும்போது "30 மில்லி ஆம்பியர்" என்று கேட்டு வாங்குங்கள். 100, 300 என்றும் கடையில் இருக்கும். அவை ஆள் பாதுகாப்புக்கு உதவாது.

எர்த்தும் வேணும். எர்த் இல்லாத வீட்டில் ஆள் தொட்ட பிறகுதான் ஆர்.சி.சி.பி. விழும். எர்த் இருந்தால் ராடில் விரிசல் விட்ட உடனே, ஆள் தொடும் முன்பே விழும். மூணு முள் பிளக்கின் பெரிய முள் எதற்கு இருக்கிறது என்றால் இதற்குத்தான். அதை உடைத்துவிட்டு ரெண்டு ஓட்டை சாக்கெட்டில் சொருகுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. விழுப்புரம் மாவட்டமே தண்ணியில் நின்றது. அதன் பிறகு ஒரு வாரம் "ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா விழுது சார், எடுத்துட்டு நேரா குடுத்துட்டோம்" என்று சொன்னவர்கள் உண்டு. சும்மா விழவில்லை. நனைந்த சுவரில் கசிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது விழுந்துகொண்டே இருந்தால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். அதைப் பிடுங்கிப் போடாதீர்கள்.

ராடு போடும் வரிசை இதுதான்:

1. வாளியில் தண்ணி. பிளாஸ்டிக் வாளிதான். இரும்பு, அலுமினிய வாளி வேண்டாம். ராடு வாளியின் பக்கத்தையோ அடியையோ தொடக் கூடாது.
2. ராடில் போட்டிருக்கும் கோடு வரை தண்ணிக்குள் இருக்கணும்.
3. பிறகு பிளக். 1500 வாட் ராடு 6.5 ஆம்பியர் இழுக்கும். டிவி, சார்ஜர் போடும் சின்ன சாக்கெட் தாங்காது. பெரிய 16 ஆம்பியர் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம்.
4. கடைசியாக சுவிட்ச். போன் அலாரம்.
5. அலாரம் அடித்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கணும். சில வீடுகளில் சுவிட்ச் நியூட்ரல் வயரில் இருக்கும். அணைத்தாலும் ராடில் கரண்ட் இருக்கும். பிளக் கையில் இருந்தால்தான் நிச்சயம்.
6. ராடை வெளியே எடுத்து, சூடு ஆறும்வரை பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் மாட்டுங்கள்.
7. கப்பால் நன்றாகக் கலக்குங்கள். மேல்தண்ணி சூடாகவும் அடித்தண்ணி ஆறியும் இருக்கும்.
8. அதன் பிறகுதான் கை. பிள்ளைக்கு என்றால் முழங்கையை விட்டுப் பாருங்கள். உள்ளங்கைக்குச் சூடு அவ்வளவாகத் தெரியாது.

ராடு ஓடும்போது அந்தக் கதவு சாத்தியிருக்கணும், வீட்டில் ஒரு பெரியவர் விழித்திருக்கணும். குடிக்கிற தண்ணியை ராடில் காய்ச்ச வேண்டாம். அதற்கு அடுப்புதான். தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும்.

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள்: ஜன்னலை அடைத்துக் குளித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது. தலை சுற்றும், அப்படியே மயங்கிவிடுவார்கள். கீசர் வெளியே, குழாய் உள்ளே. அதுதான் சரி.

இவ்வளவுக்கும் மேல் ஏதாவது நடந்துவிட்டால்?

ஷாக் அடித்தவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். மெயின் தூரம் என்றால், உலர்ந்த இடத்தில் நின்று, காய்ந்த கட்டையால் வயரையோ ஆளையோ விலக்குங்கள். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது விட்டுவிட்டுத் திணறுகிறார் என்றால், ஒருவர் 108க்கு அடிக்க, இன்னொருவர் நெஞ்சை அழுத்த ஆரம்பிக்கணும். மார்பின் நடு எலும்பில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து முதல் ஆறு செ.மீ. ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. கை, கால் தேய்ப்பது, தண்ணி, சோடா கொடுப்பது எதுவும் உதவாது. விலா எலும்பு உடைந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். எலும்பு ஒட்டிக்கொள்ளும். ஷாக் அடித்து எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் அன்றே ஒரு இசிஜி எடுங்கள்.

சுடுதண்ணி கொட்டினால், ஈரத் துணியைக் கழற்றுங்கள். கொலுசு, வளையல், அரைஞாண் கயிறு எல்லாம் வீங்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் பிய்க்காதீர்கள். உடனே குழாய்த் தண்ணியில் 20 நிமிஷம் காட்டுங்கள். கடிகாரம் பார்த்து 20. வெந்த இடம் மட்டும் நனையட்டும், குழந்தையின் மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, இங்க், இட்லி மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். அதைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை படும் வேதனையை நான் பார்த்திருக்கிறேன். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்கு வாங்க.

குழந்தையின் உள்ளங்கை, விரல்கள் சேர்த்து, அதன் உடம்பில் ஒரு சதவீதம். வெந்த இடம் அப்படிப் பத்து கை அளவு இருந்தால், அல்லது முகம், கை, பாதம், பிறப்புறுப்பு வெந்திருந்தால், என்னைப் போன்ற சின்ன கிளினிக்கில் நிற்காதீர்கள். நேராக முண்டியம்பாக்கமோ, பாண்டிச்சேரி ஜிப்மரோ போய்விடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. எழுந்து போய் உங்கள் வீட்டு மெயின் பெட்டியைத் திறந்து பாருங்கள். "டி" அல்லது "டெஸ்ட்" என்று போட்ட ஒரு சின்ன பட்டன் இருக்கிறதா? இருந்தால் அழுத்துங்கள். டப்பென்று கரண்ட் போகணும். போனால் உங்கள் ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறது. லிவரை மேலே தூக்கிவிட்டு மாதம் ஒருமுறை இதையே செய்யுங்கள். கரண்ட் போகவில்லை என்றாலும், அப்படி ஒரு பட்டனே இல்லை என்றாலும், எலக்ட்ரீசியன் வந்து போகும்வரை ராடைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அதுவரை கேஸ் அடுப்பில், மூடி போட்டு, வெதுவெதுப்பாக.

அழுத்திப் பார்த்தவர்கள் என்ன ஆச்சுன்னு கமெண்டில் சொல்லுங்க. பட்டனே இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை.



பொதுநல மருத்துவர், கோலியனூர்